கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் ஒரு கணினி: எந்த போர்டு வாங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். காசிமேட்டில் உங்கள் மாமா மீன் வைக்கும் குளிர் அறையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்ய வேண்டும். கதவு திறந்து கிடந்தாலோ கம்ப்ரசர் நின்றாலோ அவருடைய கைப்பேசிக்குத் தகவல் போக வேண்டும். முடிந்தால் வாசலில் ஒரு கேமராவும் வேண்டும். இதற்கு ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றை போர்டுக் கணினியில் பை 5, அதுவும் 8 ஜிபி வாங்கலாமா, பை 4 போதுமா, போர்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பது கேள்வி.

இரண்டுமே வேண்டாம் என்பேன். அதே குடும்பத்தில், உள்ளங்கையில் பாதி அளவுகூட இல்லாத ஜீரோ 2 டபிள்யூ போதும். காரணம் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக ராயபுரத்தில் விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் கருவிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன். என் மேசைக்கு வந்த கருவிகளில் பிராசசர் செத்து வந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் பவர் சப்ளை, கனெக்டர், ஒயர், உப்பு. கடையில் போர்டு வாங்கும்போது எல்லோரும் நடுவில் இருக்கும் சிப்பைப் பற்றியே கேட்கிறார்கள். நான் ஓரங்களைப் பார்ப்பேன். கரண்ட் எங்கே நுழைகிறது, ஒயர் எங்கே மாட்டுகிறது, கார்டு எங்கே செருகுகிறது, கடிகாரம் இருக்கிறதா? போர்டு பிழைப்பதும் சாவதும் அங்கேதான்.

கரண்டிலிருந்து தொடங்குவோம். பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர், ஜீரோ 2 டபிள்யூவுக்கு 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. ‘வீட்டில் 67 வாட் போன் சார்ஜர் இருக்கிறதே’ என்று நினைக்காதீர்கள். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் தொகை. போன் சார்ஜர் அந்த வாட்டைக் கொடுப்பது வோல்ட்டை 9, 11 என்று ஏற்றித்தான். போர்டு கேட்பதோ 5 வோல்ட். அந்த 5 வோல்ட்டில் பெரும்பாலான சார்ஜர்கள் 3 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. பை 5 இதைக் கண்டுகொண்டு, யுஎஸ்பி வாயில்களுக்குத் தரும் மின்சாரத்தை 1.6 ஆம்பியரிலிருந்து 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துவிடும். ஹார்டு டிஸ்க்கை மாட்டிவிட்டு அது ஏன் சுற்றவில்லை என்று நாள் முழுவதும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சார்ஜரைவிடப் பெரிய வில்லன் ஒயர். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மலிவான யுஎஸ்பி ஒயர்களுக்குள் 28 கேஜ் செம்பு இருப்பது சகஜம். அதன் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். ஒரு மீட்டர் ஒயரில் மின்சாரம் போகவும் வரவும் வேண்டும், ஆக 0.42 ஓம். போர்டு 1 ஆம்பியர் இழுத்தால் 0.42 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ட் கிளம்பியது, 4.58 வோல்ட் வந்து சேர்ந்தது. வோல்ட்டேஜ் 4.63-க்குக் கீழே போனால் பை 4 ‘போதவில்லை’ என்று முடிவு செய்து வேகத்தைக் குறைக்கும். மானிட்டரில் ஒரு மின்னல் சின்னம் வரும், சிவப்பு விளக்கு அணையும். மூடிய பெட்டிக்குள் மானிட்டர் இல்லாமல் கிடக்கும் போர்டில் அந்த மின்னலை யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் அவர்களுடைய சொந்த சப்ளையில் 5 என்று போடாமல் 5.1 வோல்ட் என்று போட்டிருக்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கு ஒயருக்குப் போடும் பிச்சை. ஒயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் அதைக் காணவில்லை. கரண்ட் போனால் கம்ப்ரசர் நிற்கும், அப்போதுதான் மாமாவுக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் அதே நேரத்தில் வைஃபை ரௌட்டரும் நின்றிருக்கும். போர்டு மட்டும் பேட்டரியில் விழித்திருந்து என்ன பயன்? பெரும்பாலான ரௌட்டர்கள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, 12 வோல்ட்டில் ரௌட்டர்களுக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். அதிலிருந்து ஒரு கிளை ரௌட்டருக்கு, இன்னொரு கிளை 12-ஐ 5 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டர் வழியாக போர்டுக்கு. இரண்டின் சுமையையும் அந்த யுபிஎஸ் தாங்குமா என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டரில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பி வெளியே 5.1 வருவதை மீட்டரில் பார்த்த பிறகுதான் போர்டை மாட்ட வேண்டும்.

அடுத்தது பின்கள், அதாவது சென்சார் ஒயர்களை மாட்டும் உலோகக் கால்கள். 2014-இல் வந்த பி பிளஸ் மாடலிலிருந்து இன்று வரை ராஸ்பெர்ரி பை போர்டுகளில் 40 பின்கள். அதற்கு முன் 26. ஜீரோவிலும் அதே 40, அதே வரிசை. ஆனால் ஜீரோ 2 டபிள்யூவில் பெரும்பாலும் வெறும் ஓட்டைகள்தான் வரும், பின் வரிசையை நீங்களே பற்றவைக்க வேண்டும். உப்புக்காற்றில் அது ஒரு வசதியும்கூட. சென்சாரின் மூன்று ஒயரையும் நேராக ஓட்டையில் வைத்துப் பற்றவைத்துவிட்டால், ஆடுவதற்கும் பச்சைப் பாசிபோலத் துரு பிடிப்பதற்கும் கனெக்டரே இல்லை.

பின்களைப் பற்றி ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: எல்லாம் 3.3 வோல்ட். 5 வோல்ட்டைத் தாங்காது. ஆர்டுயினோ ஊனோ என்ற பயிற்சி போர்டில் பழகியவர்கள் விழும் குழி இது, ஏனென்றால் அதில் 5 வோல்ட்டே வழக்கம். தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். அதை நேராக மாட்டினால் அந்த பின் போகும், சில சமயம் போர்டே போகும். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3-க்கு இறக்க வேண்டும்.

இதைவிடக் கேவலமாக ஒரு போர்டைக் கொன்றவன் நான். முதல் பின் 3.3 வோல்ட், இரண்டாவது பின் 5 வோல்ட், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மீட்டரின் கூர்முனையை வைத்து அளக்கும்போது கை வழுக்கி இரண்டையும் தொட்டுவிட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை. அதன் பிறகு அந்த போர்டு கண் திறக்கவே இல்லை. இன்றும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், கடைக்கு வேலை கற்க வரும் பையன்களுக்குக் காட்ட.

ஒரு பின்னிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்.இ.டி. எரிய வைக்கலாம், ரிலே என்ற மின்காந்த சுவிட்சை இழுக்க முடியாது. 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு 70 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேண்டும். டிரான்சிஸ்டரும் டையோடும் சேர்ந்த ரிலே மாட்யூலாக வாங்குங்கள். கம்ப்ரசரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இந்த போர்டின் கையில் கொடுக்காதீர்கள். அதற்கென்று காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் போர்டு வேடிக்கை பார்த்துச் செய்தி சொன்னால் போதும்.

ஏறி இறங்கும் வோல்ட்டேஜை அளக்கும் அனலாக் உள்ளீடு என்று ஒன்று, நாம் இங்கே பேசும் எந்த ராஸ்பெர்ரி பையிலும் கிடையாது. வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் தெர்மிஸ்டரை நேராக மாட்ட முடியாது என்று பொருள். எம்சிபி3008 போன்ற ஒரு சிப்பை நடுவில் வைத்தால் எட்டு அனலாக் வழிகள் கிடைக்கும். உங்களுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. டிஎஸ்18பி20 என்ற சென்சார் வெப்பநிலையை எண்ணாகவே அனுப்பிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அடைத்து, ஒயரோடு விற்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 64 பிட்டில் தனி அடையாள எண் இருப்பதால் ஒரே டேட்டா ஒயரில் நான்கைந்தை வரிசையாகக் கோக்கலாம்: கதவருகே ஒன்று, மூலையில் ஒன்று, மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஒன்று. டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் பிழை அரை டிகிரிக்குள் இருக்கும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் பிழை கூடும். உறைமீன் அறையில் மைனஸ் 18 என்று காட்டினால் ஒரு டிகிரி முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சார்தான் உள்ளே, போர்டு வெளியே. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குளிர் அறையின் சுவர் பெரும்பாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஃபோம் அடைத்தது. தகடு வைஃபையை மறித்துவிடும். அதோடு, கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே இருந்து ஈரக்காற்று புகுந்து குளிர்ந்த போர்டின் மேல் நீராகப் படியும்.

இப்போது உப்பு. வடசென்னையில் கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வைக்கும் எந்தக் கருவிக்கும் இதுதான் முதல் எதிரி. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்தவர்கள் எழுதியவை, அவற்றில் இது வராது. பை 5 வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். அதன் நான்கு கோர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, நன்றாகச் சூடாகும். 80 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் ஃபேன் வேண்டும் என்பார்கள், போர்டிலேயே ஃபேனுக்கு ஒரு கனெக்டரும் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் என்றால் பெட்டியில் ஓட்டை. ஓட்டை என்றால் அந்த ஃபேன் நாள் முழுவதும் துறைமுகத்துக் காற்றை இழுத்து போர்டின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். சில மாதங்கள் கழித்துத் திறந்தால் கனெக்டர் கால்களில் பச்சைப் பாசி பூத்திருக்கும், படகுக் கருவிகளில் நான் பார்ப்பதுபோலவே. சிமென்ட் ஷீட் கூரையின் கீழே மே மாதத்தில் இருக்கும் சூட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைவாக வேலை செய்து குறைவாகச் சூடாகும் போர்டாக இருந்தால் பெட்டியை முழுவதும் மூடிவிடலாம். ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி, ஒயர் நுழையும் இடத்தில் அதை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்டு, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். இரும்புத் திருகு வேண்டாம், பித்தளையோ நைலானோ போடுங்கள். அலுமினியப் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் வைஃபை ஆன்டெனா போர்டிலேயே அச்சாகியிருக்கிறது, உலோகத்துக்குள் அடைத்தால் சிக்னல் போய்விடும். போர்டின் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் என்று விற்கும் அக்ரிலிக் பூச்சை அடிப்பது நல்லது. அதற்கு முன் கார்டு செருகும் இடம், யுஎஸ்பி, கேமரா கனெக்டர் மூன்றையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். மறந்தால் கனெக்டருக்குள் பூச்சு போய் உறைந்துவிடும், பிறகு என்னிடம்தான் வருவீர்கள்.

மெமரி கார்டு. இந்த வகை போர்டுகளின் பலவீனமான இடம் இது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுவதும் நகத்தளவு கார்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் அமைப்பு சிதைந்து, போர்டு மறுபடி தொடங்காது. அதோடு ஃப்ளாஷ் நினைவகம் ஒரு வரியை மட்டும் தனியாக மாற்றாது, ஒரு பெரிய தொகுதியையே அழித்து எழுதும். நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் நாளைக்கு 1,440 முறை. வரிகளை ரேமில் சேர்த்துவைத்து, மணிக்கு ஒரு முறை மொத்தமாகக் கார்டில் எழுதுங்கள். சிஸ்டம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும் வசதி ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் போட்டால், எழுத வேண்டிய பதிவுகளுக்கு யுஎஸ்பியில் தனியிடம் வையுங்கள். கார்டு வாங்கும்போது கார் கேமராக்களுக்கென்று விற்கும் நீடித்து உழைக்கும் வகையாக வாங்குங்கள். பை 5-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான வாயில் வழியாக, கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டலாம், அந்த வகையில் அது மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடிகாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பை 5-க்கு முன் வந்த எந்த ராஸ்பெர்ரி பையிலும், ஜீரோ 2 டபிள்யூ உட்பட, கரண்ட் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. போர்டு தொடங்கியதும் இணையத்தைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இணையம் இல்லை என்றால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும். இரவு 2 மணிக்குக் கரண்ட் போய் 5 மணிக்கு வந்தால், உங்கள் பதிவில் மூன்று மணி நேரம் இருக்கவே இருக்காது. அந்த மூன்று மணி நேரம்தான் மீன் கெட்டதற்கான சாட்சி. டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூலை 3, 5-ஆம் பின்களில் மாட்டுங்கள், அவை ஐ2சி பின்கள், இரண்டே ஒயரில் சிப்புகள் பேசிக்கொள்ளும் வழி. அந்தச் சிப் வருடத்துக்கு ஒரு நிமிட அளவுக்குத்தான் தவறும். மலிவான மாட்யூல்கள் சிலவற்றில் பட்டன் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சாதாரண சிஆர்2032 பேட்டரி போட்டால் அதைக் கழற்றிவிட வேண்டும், சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரி அது.

பிராசசர், ரேம்? ஜீரோ 2 டபிள்யூவில் 1 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர், 512 எம்பி ரேம். நிமிடத்துக்கு ஒரு எண்ணைப் படிக்க இதுவே ஆடம்பரம். கேமராவுக்காகப் பெரியது வேண்டுமே என்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், எச்.264 வீடியோவைச் சுருக்கும் வன்பொருள் பை 4-லும் ஜீரோ 2 டபிள்யூவிலும் இருக்கிறது, பை 5-இல் எடுத்துவிட்டார்கள். அது பிராசசரின் பலத்தில் அந்த வேலையைச் செய்யும், அதற்கேற்பச் சூடாகும். வாசல் கேமராவுக்குச் சின்ன போர்டே பொருத்தம். ஜீரோவின் கேமரா கனெக்டர் 22 கால் கொண்ட குறுகிய வகை, கேமராவோடு வரும் அகல ரிப்பன் பொருந்தாது, தனியாகக் கேளுங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ரௌட்டரில் அது அணைந்திருந்தால் இணையாது. லேன் வாயில் இல்லை, யுஎஸ்பியும் மைக்ரோ வகையில் ஒன்றுதான். உங்கள் வேலைக்கு இவற்றால் குறை இல்லை.

கேமரா வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டால், இவற்றைப்போல லினக்ஸ் என்ற முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும் போர்டே தேவையில்லை. ஈஎஸ்பி32 போதும். அது மைக்ரோகன்ட்ரோலர், ஒரே புரோகிராமை ஓட்டும் எளிய சிப், வைஃபை உள்ளேயே இருக்கிறது, கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் நொடியில் எழுந்து வேலையைத் தொடரும். கெட்டுப்போக மெமரி கார்டும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பழுது பார்ப்பவன் என்ற என் மனம் ஆறாது. 2013-இல் வந்த பீகிள்போன் பிளாக் என்ற போர்டின் முழுச் சுற்று வரைபடமும் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ராஸ்பெர்ரி பை சுருக்கமான வரைபடங்களை மட்டுமே தருகிறது. பீகிள்போனில் சிஸ்டம் போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி என்ற நினைவகச் சிப்பில் இருக்கிறது, ஏழு அனலாக் வழிகள் உண்டு, ஆனால் அவை 1.8 வோல்ட் வரைதான். 200 மெகாஹெர்ட்ஸில் தனியாக ஓடும் இரண்டு குட்டிப் பிராசசர்கள் மைக்ரோ நொடித் துல்லியத்தில் துடிப்புகளை அளக்கும், அது லினக்ஸில் நம்பிச் செய்ய முடியாத வேலை. உங்களுக்கு வேண்டியதில்லை. கல்லூரிப் புராஜெக்ட்டில் மோட்டார் வேகம் அளக்கும் நாள் வந்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும்போது, தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம், கையில் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். பக் கன்வெர்ட்டரைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி அளந்து வாங்கலாம். சென்சார்களை ஒன்று கூடுதலாகவே வாங்குங்கள், டிஎஸ்18பி20-இல் போலிகள் உலவுகின்றன.

வாங்கியதும் சென்சார்களைச் சோதிக்கச் செலவே இல்லை, காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்? குடிதண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கி, கொஞ்சம் குடிதண்ணீர் விட்டு, குழம்புபோல ஆனதும் எல்லா சென்சார்களையும் சேர்த்துக் கட்டி உள்ளே விடுங்கள். கலக்கிக்கொண்டே பத்து நிமிடம். அது பூஜ்ஜிய டிகிரி. எந்த சென்சார் எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்று அடையாள எண்ணோடு எழுதி, அதன் ஒயரில் சீட்டு ஒட்டிவிடுங்கள். ஏலக்கூடத்தில் கிடக்கும் ஐஸை அள்ளிக்கொண்டு வராதீர்கள், உப்புத் தண்ணீர் கலந்திருந்தால் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும், நல்ல சென்சாரைக் கெட்டது என்று தூக்கிப் போடுவீர்கள்.